இரட்டைப் பூட்டு லைலா டீச்சர்

சாய்ந்தமருதில் சித்தி லைலா டீச்சரிடம் ஒரு பொருளை விற்றவன், உலகத்தில் வேறு யாரிடமும் எதையும் விற்றுவிடுவான். மீன்காரன் பெட்டியை இறக்கினால் அவர் செவுளை இரண்டு தரம் கிளப்பிப் பார்ப்பார். முதல் தரம் மீனுக்காக, இரண்டாம் தரம் மீன்காரனுடைய முகத்துக்காக. கல்முனைக் கடையில் துணி எடுக்கப் போனால் வெயிலில் விரித்துப் பிடிப்பார். "அல்லாஹ் அறிய சாயம் போகாது ராத்தா" என்று கடைக்காரன் சொல்லிவிட்டால் அதோடு சரி. "சத்தியம் பண்ணி விக்கிற சீலை கட்டாயம் சாயம் போகும்" என்று மடித்து வைத்துவிட்டு வந்துவிடுவார்.

அவருடைய கணவர் அப்துல் ஸமட்டுக்குப் பிரதான வீதியில் சைக்கிள் திருத்தும் கடை. "கலியாணத்துக்கு முந்தி என்னப் பத்தி விசாரிக்கத் தொடங்கினவ. விசாரணை இன்னும் முடியல்ல" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வீட்டுக்கு எட்டினால் அன்றைக்குச் சோறு ஆறித்தான் கிடைக்கும்.

பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஊர் அப்படித்தான் சொன்னது. ஆனால் ஒரு மனுசியின் சந்தேகத்தில் பாதியை மற்றவர்கள்தான் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்பதை ஊர் எப்போதும் வசதியாக மறந்துவிடும். பள்ளிக்கூட நூலகத்தின் ஒவ்வொரு அலுமாரியிலும் லைலா டீச்சர் இரண்டு ஆமைப்பூட்டுத் தொங்கவிட்டிருந்தார். ஒன்று அவருடைய குணம் போட்ட பூட்டு. மற்றது கந்தோர், அதாவது கல்வி அலுவலகம், போட வைத்த பூட்டு.

கடல் வந்த கதையை இந்தக் கரையில் யாருக்கும் விரித்துச் சொல்லத் தேவையில்லை. இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு டிசம்பர், ஞாயிற்றுக்கிழமைக் காலை. பள்ளிக்கூடம் கடற்கரையில் இருந்தது. விடுமுறை என்பதால் வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லை, வீடுகளில் இருந்தார்கள். வீடுகளும் கடற்கரையில்தான் இருந்தன. நூலகம் இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் மிஞ்சியது. நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்த லைலா டீச்சரின் வீடு பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் தப்பியது.

கொஞ்ச நாள் கழித்து, இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த இன்னொரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் சோற்றுப் பார்சல் பங்கிட்டுக்கொண்டு நின்றபோது ஹவ்வா உம்மா வந்தார். இடியப்பம் அவித்து விற்கிறவர். அவருடைய மூத்த பையனைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று எல்லாருக்கும் தெரியும். கையில் ஊதிப்போன ஒரு புத்தகம், ஏடுகளுக்குள் எல்லாம் மண். முதல் பக்கத்தில் பள்ளிக்கூடத்து முத்திரை அழியாமல் இருந்தது.

"டீச்சர், இது நம்மட பள்ளிக்கூடத்துச் சாமான். உங்களுக்கிட்ட ஒப்படைக்க வந்த."

லைலா டீச்சர் அதை வாங்கிப் புரட்டினார். பிறகு கேட்டார்: "மத்தப் புத்தகங்கள் எங்க?"

வேறு எத்தனையோ கேட்டிருக்கலாம். சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கலாம். இளைய மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கலாம். நாக்கு பழகிய தடத்தில் போய்விட்டது. ஹவ்வா உம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். அன்றிலிருந்து லைலா டீச்சர் இடியப்பம் வாங்க வேறு தெருவுக்குப் போகத் தொடங்கினார்.

கேட்ட கேள்வி சும்மா போகுமா? அடுத்த வருசம் அது அவரிடமே திரும்பி வந்தது. நூலகப் புத்தகங்கள் இல்லாமற் போனதற்கு விளக்கம் தரும்படி கந்தோரிலிருந்து கடிதம். கடல் கொண்டுபோனது என்று எழுதினார். அதற்கு அத்தாட்சி கேட்டார்கள். கிராம சேவகரிடம் எழுதி வாங்கினார், பள்ளிவாசலில் எழுதி வாங்கினார், வெறுந்தரையைப் படம் பிடித்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஓர் எழுதுவினைஞர், பேனையைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தபடி சொன்னார்: "கடலுக்குப் போனது சரி டீச்சர். கடல் வாறதுக்கு முந்தியே எத்தின போன எண்டு நமக்குத் தெரியாதே."

ஊரே அழுத வருசத்தில் லைலா டீச்சர் அழவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கள்ளி என்று நேராகச் சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். சிரித்துக்கொண்டே சொன்னவனை என்ன செய்வது!

பிறகு வீதிக்கு மேற்கே புதுக் கட்டடம் எழும்பியது. யாரோ ஒரு நாட்டுக்காரர்கள் கட்டிக் கொடுத்தார்கள். நூலகத்துக்கென்று காற்றோட்டமான நல்ல அறை, நாலு கண்ணாடி அலுமாரி, பெட்டி பெட்டியாகப் புதுப் புத்தகம். பெட்டிகளை உடைத்த அன்றே டீச்சர் ஆமைப்பூட்டுகளும் வாங்கிவிட்டார். சாவிகள் கோத்த திறப்புக் கோவை அவருடைய கைப்பைக்குள். கைப்பை அவருடைய கக்கத்துக்குள்.

நூலகப் பாடவேளை எப்படி நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? பிள்ளைகள் பாயில் வரிசையாகக் கைகட்டி இருப்பார்கள். முதலிரண்டு மாதம் டீச்சர் ஒரு புத்தகத்தை வெளியே எடுத்து, அட்டையைக் காட்டி, பெயரை வாசித்து, திரும்ப உள்ளே வைத்துப் பூட்டுவார். பிறகு அதுவும் தேவையில்லை என்று பட்டது. கண்ணாடிக்கு வெளியே நின்று பிரம்பால் காட்டினாலே போதுமே. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான் முதலில் 'ரெட்டைப் பூட்டு டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். அது டீச்சருக்கும் தெரியும். பெயர்தானே, புத்தகம் தொலையவில்லையே என்று இருந்துவிட்டார்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு நடுப்பகுதியில் நிந்தவூரிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினாள். பெயர் றுகையா. பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறாளாம், பள்ளிக்கூட நூலகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம்.

கடலுக்குப் பிறகு இந்த ஊரைக் கணக்கெடுத்தவர்கள் கொஞ்சநஞ்சமா? கையில் கடதாசிப் பலகையும் கழுத்தில் அட்டையுமாக எவன் வந்தாலும் சனம் அடையாள அட்டைப் பிரதியோடு வரிசைக்கு வந்துவிடும். முதலில் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். இருக்கிறது என்று சொன்னவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, இல்லை என்றவனுக்குக் கிடைத்தது என்று கண்டதும், எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். றுகையா வந்த செய்தி எப்படியோ பரவி, மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் தாய்மார் அடையாள அட்டைப் பிரதிகளோடு நின்றார்கள். அவள் பதறிப்போனாள்.

"ராத்தாமார், நான் ஒண்டும் தர வரல்ல. புள்ளைகள் என்ன வாசிக்கிற எண்டு கேக்கத்தான் வந்த."

"வாசிக்க ஒண்டும் இல்ல மகள். எல்லாம் கடலுக்குப் போயிட்டு" என்றார் வரிசையில் முதலாவதாக நின்றவர். அவருடைய வீடு கடலிலிருந்து ஒரு மைல் தள்ளி வயல் ஓரமாக இருந்தது.

ஒன்றும் தர வரவில்லை என்று தெரிந்ததும் சந்தேகம் இரண்டு மடங்கானது. ஒன்றும் தராதவள் என்னத்துக்குக் கேட்கிறாள்? பிள்ளைகளின் பெயரை எழுதுகிறாளே, அந்தப் பெயர்கள் எங்கே போகும்? வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஆள் கடத்தும் வெள்ளை வேன் கதைகள் கிழக்கிலும் குறைவில்லாமல் உலாவின. அதனால் அவள் பெயர் எழுதுவதை விட்டுவிட்டு வெறுமனே கதைத்தாள். பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னாள், வாசித்ததைத் தன் சொல்லில் சொல்லச் சொன்னாள், பிடித்த புத்தகம் எது என்று கேட்டாள்.

லைலா டீச்சர் கதவு நிலையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். ஊர்க்காரர்களின் சந்தேகமெல்லாம் அவருக்குச் சின்னப்பிள்ளைத்தனமாகப் பட்டது. அவரிடம் சொந்தமாக ஒரு சந்தேகம் இருந்தது. இந்தப் பெண்ணை அனுப்பியது பள்ளிக்கூட அதிபர் காலிதீன் சேர்தான். அவருக்கு அந்த அறையில் கண். கணினி வரப்போகிறது, நல்ல அறையொன்று வேண்டும் என்று இரண்டு தரம் வாய்விட்டிருக்கிறார்.

"இதெல்லாம் எழுதி என்ன செய்யப் போறா?" என்று டீச்சர் அவளிடம் கேட்டார்.

"முடிவக் கொண்டு வந்து உங்களுக்குக் காட்டுவன் டீச்சர்" என்றாள் றுகையா.

"இதச் செல்லாமப் போனவங்க ஒருத்தரும் இல்ல. திரும்பி வந்தவங்களும் ஒருத்தரும் இல்ல."

அடுத்த ஆண்டு மே மாதம் யுத்தம் முடிந்தது என்றார்கள். கல்முனைச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். தமிழ்ச் சனம் இருக்கும் காரைதீவுப் பக்கம் வீடுகள் வெளிச்சம் இல்லாமல் கிடந்தன. அப்துல் ஸமட் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்து செய்தியைச் சொன்னார். "முடிஞ்சிட்டாமா? ஆரு சென்ன?" என்று கேட்டார் டீச்சர். ரேடியோவில் சொன்னார்கள் என்றார் அவர். "ரேடியோ இதுக்கு முந்தியும் கன தரம் சென்னதானே" என்றுவிட்டு டீச்சர் படலைக்கு உள்ளால் கம்பியைக் கட்டினார்.

யுத்தம் முடிந்த கையோடு ஊருக்குள் சாமான் வரத் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்குக் கணினிகள் வருவது உறுதி என்று காலிதீன் சேர் ஆசிரியர் கூட்டத்தில் அறிவித்தார். நூலக அறையைத் துப்புரவாக்க வேண்டும். புத்தகங்களை மாடிப்படிக்குக் கீழே உள்ள சாமான் அறையில் வைக்கலாம். பெற்றாரும் சம்மதிக்க வேண்டும் என்பதால், வருகிற சனிக்கிழமை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம்.

மாடிப்படிக்குக் கீழே மழைக்காலத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். ஒரு தரம் தண்ணீருக்குக் கொடுத்தது போதாதா? கூட்டத்தில் எழும்பி டீச்சர் என்ன சொல்வது? அறையை எடுக்காதே என்று கேட்க அவரிடம் என்ன இருந்தது, இரண்டு பூட்டைத் தவிர?

அந்த நேரம் பார்த்து றுகையா திரும்பி வந்தாள். சொன்னபடியே கறுப்பு அட்டை போட்டுக் கட்டிய ஆய்வேட்டோடு வந்து நின்றாள். வராமல் விட்டிருந்தால் டீச்சர் நிம்மதியாக இருந்திருப்பார். ஐந்து வருசமாக ஒருத்தரும் திரும்பி வராத ஊருக்கு இவள் மட்டும் ஏன் வருகிறாள்?

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, அடுக்களை வாசலில் கதிரையைப் போட்டு டீச்சர் வாசிக்கத் தொடங்கினார். நிந்தவூரிலிருந்து பெரியநீலாவணை வரை கரையோரப் பள்ளிக்கூடங்களை ஒப்பிட்டு எழுதியிருந்தாள். பள்ளிக்கூடங்களின் பெயர் இல்லை, ஆராய்ச்சி வழக்கப்படி அ, ஆ, இ, ஈ என்று போட்டிருந்தாள். புத்தகம் எவ்வளவு இருக்கிறது என்பது பெரிய காரியமில்லை, அது பிள்ளையின் கைக்கு வருகிறதா, வீட்டுக்குப் போகிறதா என்பதுதான் காரியம் என்பது அவள் கண்டது. 'அ' பள்ளிக்கூடத்தில் அலுமாரியே இல்லை. பழைய புத்தகங்களைக் கயிறு கட்டித் துணி காயப்போடுவதுபோல் தொங்கவிட்டிருந்தார்கள். அங்கே பிள்ளைகளின் வாசிப்பு எல்லாரையும் விட மேலே நின்றது.

டீச்சருக்கு வாசிக்க வாசிக்க உற்சாகம் வந்தது. இதை வைத்துக்கொண்டு சனிக்கிழமை ஒரு கை பார்க்கலாம். அப்படியே ஏட்டைத் திருப்பினார். பாடசாலை 'ஈ' வந்தது.

இரண்டு பக்கம் வாசித்ததும் முகம் சிவந்துபோனது. ஏட்டை மூடினார், திறந்தார், திரும்ப வாசித்தார். அப்துல் ஸமட் வந்து, "என்ன, கறி கருகுது?" என்றார். டீச்சர் அந்தப் பக்கத்தை அவரிடம் நீட்டினார். அவர் நின்றபடியே வாசித்தார்.

"பேர் போடல்லதானே" என்றார் மெதுவாக.

"பேர் வேற போடணுமா? பூட்டு எண்டு எழுதினாப் போதாதா?"

"கோவிக்காத லைலா. வைக்கல் போர்ல படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது எண்டு நம்மட வாப்பா செல்லுவாரு..."

அன்றைக்கு அவருக்குச் சோறு ஆறிக்கூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் டீச்சர் விடுமுறை போட்டுவிட்டு பஸ் ஏறி நிந்தவூருக்குப் போனார். றுகையா வாசலுக்கு வருவதற்குள்ளேயே கேட்டார்: "ஆரு எழுதச் சென்ன?"

"ஒருத்தரும் செல்லல்ல டீச்சர். கண்டத எழுதின."

"வேற ஆருக்குக் குடுத்த?"

"நான் போன பள்ளிக்கூடத்து அதிபர்மார் எல்லாருக்கும் ஒவ்வொண்டு."

"அப்ப காலிதீன் சேருக்கும்?"

"ஓம்."

"முடிஞ்சுது" என்றார் டீச்சர். வந்த வழியே திரும்பினார். றுகையா பின்னாலேயே வந்து, "டீச்சர், நூலகம் வேணும் எண்டுதானே நான் எழுதின. முழுக்க வாசிச்சாத் தெரியும்" என்றாள். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆராய்ச்சியாம் ஆராய்ச்சி! வீட்டுக்குள் விட்டால் சட்டிக்குள் கை விடுகிற பூனைகள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. கணினி என்றால் சும்மாவா? வாப்பாமார் ஒரு பக்கம், உம்மாமார் ஒரு பக்கம். கடைசி வரிசையில் றுகையாவும் இருந்தாள். அதிபர்தான் வரச்சொல்லியிருக்கிறார், சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்று டீச்சர் மனதுக்குள் கறுவினார். நாலு வரிசை முன்னால் ஹவ்வா உம்மாவின் வெள்ளை முக்காடு தெரிந்தது. டீச்சர் பார்வையை மாற்றிக்கொண்டார்.

காலிதீன் சேர் நல்ல மனிதர்தான். பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்கிற ஆசையில் அவருக்குக் கள்ளம் இல்லை. கையில் கறுப்பு அட்டைப் புத்தகத்தோடு எழும்பினார்.

"நம்மட நூலகத்தப் பத்தி ஒரு ஆராய்ச்சியே நடந்திரிக்கி. பேர் போடல்ல, ஆனா அது நம்மட பள்ளிக்கூடம் எண்டு கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்ல" என்று சொல்லி வாசித்தார். "ஆய்வுக்குட்பட்ட பாடசாலைகளுள் 'ஈ' பாடசாலையிலேயே புத்தகங்கள் அதிகம். மாணவரின் வாசிப்பு மிகக் குறைந்து காணப்பட்டதும் அங்கேயே."

புத்தகத்தை மூடினார். "என்ன செய்ய? நம்மட புள்ளைகளுக்கு வாசிப்பு வாறல்ல. கடலுக்குப் போற குடும்பம், கூலிக்குப் போற குடும்பம். அதுகள்ல குத்தமில்ல, வளர்ப்பு அப்பிடி. ஆராய்ச்சியே செல்லுது. சும்மா கிடக்கிற அறைய கணினிக்குக் குடுத்தா நாலு புள்ளையாவது பொழைக்கும்."

உம்மாமார் தலையைக் குனிந்துகொண்டார்கள். எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டதுதான். படித்த மனிதர் சொல்கிறார், ஆராய்ச்சியும் சொல்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்று குனிந்த தலைகள்.

லைலா டீச்சர் அதிபரின் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்தார். அடுத்த வரி என்ன என்று இந்த மண்டபத்தில் மூன்று பேருக்குத் தெரியும். அதிபர் அதை வாசிக்கவில்லை. ஒருவேளை டீச்சருடைய மானத்தைக் காப்பாற்றத்தான் விட்டாரோ என்னவோ. றுகையா வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருந்தால் அறை போகும், மானம் இருக்கும். கந்தோரில் போன மானத்தைக் கட்டிப்பிடித்துத்தானே இத்தனை பூட்டும். ஆனால் குற்றம் பிள்ளைகளின் தலையில் அல்லவா விழுகிறது! தான் செய்யாததற்கு விளக்கம் கேட்டார்களே என்று பஸ்ஸில் அழுதவர் அவர். இந்தப் பிள்ளைகள் எந்த பஸ்ஸில் போய் அழுவார்கள்?

"அடுத்த வரியையும் வாசிங்க சேர்."

தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். அதிபர் தடுமாறினார். "அது... அது தேவையில்ல டீச்சர்."

"தேவை. தாங்க, நான் வாசிக்கிறன்."

முன்னால் போய்ப் புத்தகத்தை வாங்கினார். வகுப்பில் வாசிக்கிற அதே குரல்.

"இப்பாடசாலையில் புத்தகங்கள் பூட்டிய அலுமாரிகளில் வைக்கப்பட்டுள்ளன. ஆய்வுக் காலத்தில் எந்த மாணவரும் ஒரு புத்தகத்தையேனும் வீட்டுக்குக் கொண்டுசெல்லவில்லை. மாணவி ஒருத்தியிடம் அவளுக்குத் தெரிந்த புத்தகங்களைக் கேட்டபோது, முதல் அலுமாரியின் மேல்தட்டிலுள்ள எல்லாப் பெயர்களையும் இடமிருந்து வலமாக வரிசை பிசகாமல் சொன்னாள். அவற்றுள் எதை வாசித்தாய் என்று கேட்டதற்கு, 'எல்லாத்தையும் வெளியால மட்டும் வாசிச்ச' என்றாள்."

டீச்சர் ஏட்டில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பூட்டினது நான்" என்றார் டீச்சர். "ஒண்டுக்கு ரெண்டு பூட்டு. புள்ளைகள்ல ஒரு குத்தமும் இல்ல. இதே ஆராய்ச்சியில 'அ' எண்டு ஒரு பள்ளிக்கூடம் இரிக்கி. அங்கயும் கடலுக்குப் போற குடும்பத்துப் புள்ளைகள்தான். கயித்துல தொங்குற பழைய புத்தகத்த எடுத்து வாசிச்சு, நம்மட புள்ளைகள விட மேல நிக்குதுகள். ஆராய்ச்சியக் காட்டி அறையக் கேக்கிறதெண்டா முழுசாக் காட்டுங்க சேர். அறைய எடுக்கச் செல்லி அது செல்லல்ல. பூட்டக் கழட்டத்தான் செல்லுது."

உம்மாமார் பக்கத்தில் ஒரு சலசலப்பு. ஹவ்வா உம்மா எழும்பினார்.

"அந்தப் புள்ள என்ட மகள் ஜெனூபாதான்" என்றார். "வீட்டுலயும் அதத்தான் செல்லித் திரியிற. நான் என்னவோ பாட்டு எண்டு நெனச்சன்."

யாரோ சிரித்தார்கள், சிரிப்பு பாதியில் நின்றது. அதிபர் நெற்றியைத் துடைத்தார். "சரி டீச்சர். துறந்து விடுறீங்க. புத்தகம் துலைஞ்சா? கந்தோருக்கு ஆரு மறுமொழி செல்லுற? திரும்பவும் நீங்கதானே போய் நிக்கணும்?"

அது டீச்சரின் நெஞ்சுக்குள் இருந்த கேள்விதான். புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹவ்வா உம்மா இன்னும் உட்காரவில்லை. அதிபரைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்துப் பேசினார்.

"டீச்சர், அண்டைக்கு நீங்க ஒண்டு கேட்ட. மத்தப் புத்தகங்கள் எங்க எண்டு. நான் மறுமொழி செல்லாமப் போன. இண்டைக்குச் செல்றன். மத்தப் புத்தகங்கள நான் தேடல்ல. என்ட மகனத் தேடித்தான் தோணா ஓடைக் கரைக்குப் போன. சேத்தைக் கிளறக்குள்ள கையில ஒண்டு தட்டுப்பட்டிச்சு. அவன் எண்டு நெனச்சு இழுத்த. புத்தகம்." முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "அவன் கிடைக்கல்ல. அதையாவது உரியவங்களுக்கிட்டக் குடுப்பம் எண்டு கொண்டு வந்த. அமானிதம் இல்லையா? புள்ளையத் தேடிப் போன இடத்துலயும் மத்தவன்ட சாமானத் திருப்பிக் குடுத்த சனம் நாங்க. வீட்டுக்குத் தந்து விட்டாத் திருப்பித் தர மாட்டமா? அமானிதமாத் தாங்க. துலைஞ்சா உங்களோட நானும் கந்தோருக்கு வாறன்."

"நானும் வாறன்" என்றது இன்னொரு குரல். அதற்குப் பிறகு எத்தனை குரல் என்று யார் கண்டது!

லைலா டீச்சர் அழுதார். இம்முறை வாயைப் பொத்தவில்லை. "மன்னிச்சுக்கங்க ஹவ்வா உம்மா" என்றார்.

காலிதீன் சேர், கணினிகளை மண்டபத்தின் ஓரத்தில் தட்டி அடைத்து வைக்கலாம், ஒரு பள்ளித் தவணைக்குப் பார்ப்போம் என்றார். கடைசி வரிசையில் றுகையா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். போகும்போது டீச்சர் அவளருகில் நின்று, "உன்ன அதிபர்தானே வரச் சென்ன?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர். நானாத்தான் வந்த."

"ம்" என்றார் டீச்சர். பாதி நம்பினார். அவருக்கு அது பெரிய காரியம்.

திங்கட்கிழமை காலை முதலாவது அலுமாரியின் ஒரு பூட்டுத் திறந்தது. இரண்டாவது திறக்கவில்லை. வருசக்கணக்காகத் தொடாத பூட்டு, உப்புக் காற்றில் இறுகிப்போயிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார், கல்லால் தட்டிப் பார்த்தார். கடைசியில் அப்துல் ஸமட்டைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் கடையிலிருந்து இரும்பு வெட்டும் வாளோடு வந்தார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க அறுத்துக்கொண்டே, "கள்ளன் வந்திருந்தாலும் பாவம், திரும்பிப் போயிருப்பான்" என்றார். டீச்சர் முறைத்தார். பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஜெனூபா மேல்தட்டில் இடது பக்கத்து முதல் புத்தகத்தை எடுத்தாள். அது எங்கே இருக்கிறது என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. டீச்சர் குறுக்கே நின்றார்.

"கை கழுவின?"

"ஓம் டீச்சர்."

"காட்டு."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பாயில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். டீச்சர் மற்றப் பிள்ளைகளின் கைகளைப் பார்த்துக்கொண்டே ஒரு கண்ணை அவள் மேல் வைத்திருந்தார். ஏட்டை எச்சில் தொட்டுப் புரட்டுகிறாளா, மூலையை மடிக்கிறாளா? ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கொஞ்சத் தூரம் வாசித்ததும் புத்தகத்தை மூடி, அட்டையைப் பார்த்து, திரும்பத் திறந்து, குழம்பிப்போய் இருந்தாள்.

"என்ன? ஏடு கிழிஞ்சிரிக்கா?" டீச்சர் பாய்ந்து வந்தார்.

"இல்ல டீச்சர். இது வேற கதையாக் கிடக்கு."

"வேற கதையா? என்ன வேற கதை?"

"வெளியால நிண்டு பேர வாசிச்சு, உள்ளுக்க இந்தக் கதைதான் இரிக்கும் எண்டு நான் ஒண்டு நெனச்சு வெச்சிருந்த. இது அதில்ல."

டீச்சர் அவளையே பார்த்தார். பொய் சொல்கிறாளா என்று பழக்கத்தில் கண்ணைப் பார்த்தார். பொய் இல்லை.

"இதுக்கு மட்டுமா நெனச்சு வெச்ச?"

"எல்லாத்துக்கும்."

லைலா டீச்சர் அலுமாரியின் மேல்தட்டை இடமிருந்து வலமாக ஒரு தரம் பார்த்தார். பிறகு கைப்பையைக் கக்கத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சீலையை ஒதுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

"அப்ப மத்தக் கதைகள் எங்க? செல்லு, கேப்பம்."